உழைத்த கைகளின் ஓவியம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஓவியம் என்றதும் மலரும் மயிலும் அருவியும்தான் நம் கண்முன் வந்து நிற்கின்றன. அழகிய பொருள்களை வரைவதே கலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், உருளைக்கிழங்கு உண்ணும் ஏழைக் குடியானவர்களை ஆசையோடு வரைந்தார் ஓர் ஓவியர். அவரே வின்சென்ட் வான்கோ.

இவர் 1853-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். பெல்ஜியம் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே சில காலம் இறைபணி செய்தார். 1880-இல், தமது 27-ஆம் வயதில்தான், ஓவியராவது என்று முடிவு செய்தார். பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்து, தொடக்க மாணவனைப் போல வரைந்து பழகினார். உழவர் குடும்பத்தில் பிறந்து உழவர்களையே வரைந்த பிரெஞ்சு ஓவியர் மில்லே இவருக்கு வழிகாட்டியானார். மில்லேயின் ‘விதைப்பவன்’ படத்தை மீண்டும் மீண்டும் பார்த்து வரைந்தார். தம்பி தியோ பணம் அனுப்பி அண்ணனைத் தாங்கினார்.

நியூனன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தபோது, ஒரு குளிர்காலம் முழுவதும் குடிசை குடிசையாகச் சென்று, சுமார் 40 குடியானவர் முகங்களைத் தீட்டினார். கைகளையும் தனியே வரைந்து பழகினார். விளக்கொளியில் அமர்ந்து மாதிரிப் படங்கள் பல எழுதினார். அதன் பின்னரே, 1885-இல், ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் பெரிய ஓவியத்தைத் தொடங்கினார். பார்த்துப் பார்த்து மனத்தில் பதிந்துவிட்டதால், பெரும்பகுதியை நினைவிலிருந்தே வரைந்தார்!

தொங்கும் விளக்கின் கீழ் ஐவர் அமர்ந்திருக்கின்றனர். நடுவே ஆவி பறக்கும் கிழங்குத் தட்டு. ஒரு மூதாட்டி காப்பி ஊற்றுகிறார். முகங்களுக்கு முதலில் பூசிய வண்ணம் வின்சென்டுக்கு நிறைவு தரவில்லை. தோல் உரிக்காத, மண் படிந்த கிழங்கின் நிறத்தில் அவற்றை மீண்டும் தீட்டினார். மண்ணைத் தோண்டிய அதே கைகள்தாம் தட்டிலும் நீளுகின்றன, அந்த உணவு நேர்மையாக உழைத்துப் பெற்றது என்பதைக் காட்டுவதே அவர் நோக்கம்.

படம் பாராட்டுப் பெற்றதா? இல்லை. நண்பரான ஓவியர் ராப்பார்டே கடுமையாகக் குறை கூறினார். வின்சென்ட் மனம் நொந்தார். ஆனால் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. உழைப்போரின் உருவங்களை அந்தக் கோடையிலும் வரைந்து பழகினார். 1890-இல், 37-ஆம் வயதில் அவர் மறைந்தார். இன்று அந்த ஓவியம் ஆம்ஸ்டர்டாம் நகரில், அவர் பெயரையே தாங்கிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

தோழியரே! சென்ற விடுமுறையில் நான் என் பாட்டியை வரைந்தேன். களையெடுத்துக் காய்த்துப்போன அவர் விரல்கள் படத்தில் அழகாக இல்லையென்று அழித்துவிட்டு, காலண்டர் படங்களில் உள்ளதுபோல் மெல்லிய விரல்களை வரைந்தேன். பாட்டி படத்தை வாங்கிப் பார்த்து, “மூஞ்சி என்னுதுதான். இது யாரு கை, கண்ணு?” என்றார். அப்போது சிரித்துவிட்டேன். வின்சென்டைப் பற்றிப் படித்த அன்றோ, சிரிப்பு வரவில்லை.

அந்தப் படத்தை மீண்டும் எடுத்திருக்கிறேன். முகத்தைத் தொடப்போவதில்லை. இம்முறை பாட்டியின் கைகளை முதலில் நன்றாகப் பார்க்கப் போகிறேன்.