பெயரேடும் நாட்காட்டியும்: ஒத்திசைவு மென்பொருளைத் தெரிந்தெடுக்கும் நெறி

பழைய மாணவர் சங்கமொன்றிற்கு உயிர்நாடியாய் அமைவது அதன் பெயரேடாகும். உறுப்பினர் எங்குள்ளனர் என்பதை அறியாத சங்கம் விழா எடுத்தல் கூடும். விழாவிற்கு அவர்களை அழைத்தல் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்புத் தோழர் ஒருவர் தமது கைத்தொலைபேசியைத் தொலைத்துவிட்டார். எம் வகுப்பினரது இலக்கங்கள் யாவும் அதனுள் மட்டுமே இருந்தன. அவ்வாரத்திலேயே எமக்குக் கல்வி புகட்டிய ஆசான் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். கடல் கடந்து வாழும் தோழர் பலர் இறுதிக்கிரியைகள் நிறைவுற்ற பின்னரே அதனை அறிந்து கலங்கினர். அன்று யாம் கற்ற பாடமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கணினியிற் செய்யும் மாற்றம் தொலைபேசியிலும், தொலைபேசியிற் செய்யும் மாற்றம் கணினியிலும் தாமே தோன்றுமாறு அமைப்பதே ஒத்திசைத்தல் எனப்படும். இதற்கெனப் பல மென்பொருள்கள் உள. அவற்றுள் ஒன்றைத் தெரிவோர் அதன் தோற்றப் பொலிவைக் கண்டு மயங்குதல் ஆகாது. இட்ட பெயர்களை நாம் விரும்பும் போது மீள எடுத்துச் செல்ல அது வழி விடுமா என்பதையே முதற்கண் வினவுதல் வேண்டும்.

அவ்வழியைத் தருவன பொது வடிவங்களே. முகவரிகளுக்கு வீகார்ட் என்பதும், நாட்காட்டிக்கு ஐகலண்டர் என்பதும் உலகம் ஏற்றுக்கொண்ட வடிவங்களாம். அவற்றைக் கருவிகளுக்கிடையே கொண்டு செல்லும் நெறிமுறைகளுள் கல்டாவ் 2007ஆம் ஆண்டிலும், கார்ட்டாவ் 2011ஆம் ஆண்டிலும் வெளியாயின. இவற்றை ஏற்கும் மென்பொருளைக் கொண்டோர் பின்னர் வேறொன்றிற்கு மாறினும் பெயரேட்டை இழவார்.

ஆன்ட்ராய்டு தொலைபேசி வைத்திருப்போர் கூகுள் கணக்கில் பெயர்களையும் நாட்களையும் சேமித்து, கணினியில் தண்டர்பேர்ட் என்னும் இலவச மென்பொருளை அக்கணக்குடன் இணைத்தல் எளிய வழியாகும். பிற நிறுவனத்தாரிடம் தரவை ஒப்படைக்க விரும்பாதோர் நெக்ஸ்ட்கிளவுட் என்பதைத் தாமே நிறுவிக்கொள்ளலாம். ஐபோன் அதனுடன் நேரே இணையும். ஆன்ட்ராய்டுக்கோ டாவ்எக்ஸ்5 என்னும் செயலி துணையாதல் வேண்டும்.

இனி, நம்மனோர் சிறப்பாகக் கருதவேண்டுவன மூன்று. முதலாவது எழுத்து. நம் நாட்டில் பழைய பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைப்பது. ஆதலின் தொலைபேசிக்குச் சென்றதும் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்ச் சிதறும். ஒத்திசைக்கு முன் அவற்றை யுனிகோட்டிற்கு மாற்றுதல் இன்றியமையாதது. இரண்டாவது இலக்கம். மாத்தளையின் 066 என்பதை +94 66 எனப் பதிந்தாலன்றி, இலண்டனிலுள்ளார் அதனை அழுத்தியவுடன் அழைத்தல் இயலாது.

மூன்றாவது காலம். மாத்தளையில் மாலை 7 மணிக்கு நிகழும் கூட்டம் இலண்டனிற் கோடையில் பிற்பகல் 2.30க்கும், குளிர்காலத்தில் 1.30க்கும் அமையும். இலங்கை நேரமும் 1996இல் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நிலையை எய்தியது. ஆதலால் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கொழும்பு நேர வலயத்தைக் குறித்தல் நலம். ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்து மாசி மகத் தேர்த்திருவிழாவை ஆண்டுதோறும் அதே திகதியில் மீளுமாறு பதிதலும் தவறு. நட்சத்திரத்தால் வருவதை ஆங்கிலத் திகதி அறியாது. ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கம் நோக்கிப் புதிதாய்ப் பதிதல் வேண்டும்.

ஒத்திசைத்தல் வேறு, காப்புப்பிரதி வேறு என்பதை மறவற்க. ஓரிடத்தில் தவறி அழித்த பெயர் எல்லாவிடத்தும் அழியும். மாதம் ஒருமுறை பெயரேடு முழுவதையும் வீகார்ட் கோப்பாக எடுத்துத் தனியே வைத்தல் வேண்டும்; அதனை இருவர் வைத்திருத்தல் மேலும் நன்று. பிறர் இலக்கங்கள் நம்மிடம் அடைக்கலமாய் உள்ளவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட நாட்டில் வாழும் நாம், உரியவர் இசைவின்றி அவற்றை எவருக்கும் வழங்கலாகாது.

இம்மலரைக் கையிலேந்தும் அன்பர் ஒவ்வொருவரும் தம் வகுப்பினருள் ஐவரது இலக்கங்களையேனும் இன்றே சரிபார்ப்பாராக. விழாவிற்கு மட்டுமன்றித் துயரிலும் ஒருவரையொருவர் காலத்தே அடைய வல்லோமாயின், அதுவே நம்மை ஆளாக்கிய கல்லூரி அன்னைக்கு நாம் செலுத்தும் காணிக்கையாகும்.