நல்லதண்ணியில் கேட்ட அவுஸ்திரேலியக் கதை

கேள்வி: எனக்கு 23 வயது. உயர்தரம் கலைப்பிரிவில் சித்தியடைந்தேன், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. டிசெம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை நல்லதண்ணியில் ஒரு தங்குமிடத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுக்காரர்களை இரவு இரண்டு மணிக்கு எழுப்பிச் சிவனொளிபாத மலைக்குக் கூட்டிப் போவேன், மேலே கடைகளுக்குச் சாமான் சுமப்பேன், ஆள் இல்லாவிட்டால் தேத்தண்ணியும் ஊற்றுவேன். சீசன் முடிந்ததும் கொழும்பு. புறக்கோட்டையில் புடவைக் கடை. போன சீசனில் ஒரு ஜெர்மன் பையன் வந்தான். என்னைவிட ஒரு வயது இளையவன். அவுஸ்திரேலியாவில் மூன்று மாதம் புளூபெரி பறித்தானாம், பிறகு ஊர் சுற்றினானாம், காசு முடிந்ததும் ஹோட்டலில் பாத்திரம் கழுவினானாம். இதற்கென்றே ஒரு விசா இருக்கிறது, நீயும் போகலாமே என்றான். ஹட்டனில் ஒரு அலுவலகத்தில் கேட்டேன். அதே விசாவை எடுத்துத் தருவோம், மொத்தம் 14 இலட்சம், முதலில் 3 இலட்சம் கட்டு என்கிறார்கள். அம்மா தோட்டத்தில் ஓய்வு பெறப் போகிறார், சேமலாப நிதி வரும். இந்தியாவில், கோத்தகிரியில் இருக்கும் எங்கள் பெரியம்மா மகனும் இதே விசாவுக்குப் போட்டிருக்கிறான். அவனுக்கு 25 டொலர்தான் செலவானதாம். எனக்கு மட்டும் ஏன் 14 இலட்சம்?
— பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: தம்பி, காசு கட்டாதீர்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் பையன் சொன்னது உண்மை. பெரியம்மா மகன் சொன்னதும் உண்மை. ஹட்டன் அலுவலகம் விற்கும் விசா மட்டும் உங்களுக்கு இல்லாத விசா.

உலகம் சுற்றியபடி கிடைத்த வேலையைச் செய்யும் இந்த ஏற்பாட்டை அவுஸ்திரேலியா 1975இல் பிரித்தானியா, கனடா போன்ற நாடுகளின் இளைஞர்களுக்காகத் தொடங்கியது. நாட்டுக்கு நாடு செய்துகொள்ளும் உடன்பாடு அது. உன் வீட்டுப் பிள்ளை என் ஊரில் ஒரு வருடம் திரியட்டும், என் வீட்டுப் பிள்ளை உன் ஊரில் திரியட்டும் என்பது போல. ஆகவே, கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. திறமை, உழைப்பு, ஆங்கிலம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அவுஸ்திரேலியாவில் இந்த விசா இரண்டு வகை, 417, 462 என்று இலக்கமிட்டிருப்பார்கள். இரண்டு பட்டியலிலும் இலங்கை இல்லை. நியூசிலாந்தின் பட்டியலிலும் இல்லை. 14 இலட்சம் இல்லை, 40 இலட்சம் கொடுத்தாலும் பட்டியலில் இல்லாத நாட்டை ஒரு முகவர் உள்ளே சேர்க்க முடியாது.

உங்கள் பெரியம்மா மகனுக்கு வழி திறந்தது 2024இல். இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் செய்த வர்த்தக உடன்பாட்டின் பேரில், 18 முதல் 30 வயது வரையான இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம் ஒதுக்கினார்கள். குலுக்கலில் பெயர் போட 25 அவுஸ்திரேலிய டொலர். அந்த வருடம் ஒக்டோபரில் திறந்த முதல் இரண்டு வாரத்திலேயே ஏறத்தாழ 40,000 பேர் போட்டுவிட்டார்கள். பெயர் விழுந்தாலும் அதற்குப் பிறகு விசாக் கட்டணம், ஆங்கிலத் தேர்வு, பள்ளிக்கு மேல் இரண்டு வருடப் படிப்பு, கையில் 5,000 டொலர் என்று இருக்கிறது. அவனுக்கு விழட்டும் என்று வாழ்த்துவோம்.

உங்கள் கடிதத்தில் அவனைப் பற்றி எழுதிய இடத்தைத்தான் நான் இரண்டு மூன்று தடவை வாசித்தேன். ஒரே லயத்தில் பிறந்த அக்கா தங்கையின் பிள்ளைகள் நீங்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று நம் சனத்தைப் பிரித்தார்கள். பெரியம்மா வீட்டார் கப்பலேறி நீலகிரிக்குப் போனார்கள், அம்மா மஸ்கெலியாவிலேயே கொழுந்து பறித்தார். அந்தப் பிரிவு இத்தனை வருடம் கழித்து ஒரு விசாப் பட்டியலில் வந்து நிற்கிறது. அது உங்கள் குற்றமும் இல்லை, அவன் அதிர்ஷ்டமும் இல்லை. ஆனால் உங்கள் மனதில் விழுந்த அந்த ‘எனக்கு மட்டும் ஏன்’ என்ற வலியைத்தான் அந்த அலுவலகம் விலை பேசுகிறது.

இனி அந்த 3 இலட்சம் முன்பணத்துக்கு வருகிறேன். நம் ஊரில் இந்தக் கணக்கு புதிதில்லை. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் முதலில் வந்ததே பருவ வேலைக்குத்தான். ஊரில் அறுவடை முடிந்த கையோடு தோணியேறி மன்னார் கரையில் இறங்கி, காட்டுவழி மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்துக் கூலி வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். போக வர வழியில் செத்தவர்கள் கணக்கில்லை. 2023இல், நம் சனம் வந்த 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ‘மலையகம் 200’ நடைபயணம் போனவர்கள் அந்தத் தடத்தைத்தான் மிதித்தார்கள். 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. அதன் பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கை வேண்டும், அதனால் வந்தவர்கள் திரும்பவில்லை. ஆனால் அவர்களைப் பிடித்து வைத்தது தேயிலை மட்டுமில்லை. ஆள் சேர்த்த கங்காணி ஊரிலேயே முன்பணம் கொடுத்துத்தான் கூட்டி வந்தார். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அந்தக் கணக்கில் ஏறியது. கடன் அடையும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. இன்னொரு தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்று தோட்டத்துத் தொரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குப் பெயர் ‘துண்டு’. 1921இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். உங்கள் பாட்டனின் பாட்டனார் அந்தத் துண்டில் ஒரு பெயராக இருந்திருப்பார்.

வேலை தொடங்கும் முன்பே கடன் தொடங்கினால், அந்த வேலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நீங்கள் அதை விட்டுவர முடியாது. இதற்காகத்தான் இவ்வளவு பழைய கதை சொன்னேன். 14 இலட்சத்தை மாதம் மூன்று வட்டிக்கு வாங்கினால், முதலைத் தொடாமலே மாதம் 42,000 ரூபா போகும். ஜெர்மன் பையனுக்குப் பண்ணை பிடிக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு பஸ் ஏறலாம். அவனுக்கு அந்த வேலை விளையாட்டாக இருப்பது இதனால்தான். அவன் மூன்று மாதம் பறித்ததற்கும் காரணம் இருக்கும்: கிராமப்புறத்தில் 88 நாள் குறிப்பிட்ட வேலை செய்தால் இரண்டாம் வருட விசாவுக்குத் தகுதி வரும்.

சரி, இலங்கைக் கடவுச்சீட்டோடு பருவ வேலைக்குப் போக ஒரு வழியும் இல்லையா? இருக்கிறது, ஆனால் அவை சுற்றுலாவும் வேலையும் கலந்த விசா இல்லை. ஒப்பந்த வேலை. போன இடத்தில், சொன்ன பண்ணையில், சொன்ன காலம்.

பிரித்தானியாவில் 2019 முதல் பருவத் தொழிலாளர் விசா இருக்கிறது. ஸ்ட்ரோபெரி, ஆப்பிள், மரக்கறிப் பண்ணைகளில் 6 மாதம் வரை. குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, அங்கே போய் வேறு விசாவுக்கு மாறவும் முடியாது. ஆள் எடுப்பது அரசு அனுமதி கொடுத்த ஒரு சில நிறுவனங்கள் மட்டும். அவை பெரும்பாலும் கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கமே போகின்றன. வாரத்துக்குச் சராசரியாக 32 மணி நேரக் கூலியாவது கொடுக்க வேண்டும் என்பது விதி. 2025 ஏப்ரலில் கூலி மணிக்கு 12.21 பவுணாக இருந்தது, 32 மணிக்கு 390 பவுண். தங்கும் கரவனுக்கு நாளுக்கு 10 பவுணுக்கு மேல் பிடிப்பார்கள், சாப்பாடு உங்கள் செலவு, விமான டிக்கட்டும் விசாவும் உங்கள் தலையில். கடன் இல்லாமல் போகிறவனுக்கு இதில் மிச்சம் உண்டு. 2022இல் இந்தோனேசியாவிலிருந்து கென்ட் பக்கத்துப் பண்ணைக்கு வந்தவர்கள் ஊர்த் தரகர்களுக்குப் பல ஆயிரம் பவுண் கடன்பட்டு வந்திருந்தார்கள். ஒரு சீசன் முழுக்கப் பழம் பறித்து அந்தக் கடனை அடைப்பதே பெரும்பாடானது. பெயர்தான் வேறு, கணக்கு நம் கங்காணி கணக்கு.

தென்கொரியாவின் ஈ-8 விசா விவசாயத்துக்கும் மீன்பிடிக்கும் உள்ள பருவ விசா, 8 மாதம் வரை. அங்குள்ள உள்ளூராட்சி நிர்வாகங்களே ஆள் கேட்கும். நம் நாட்டில் இதன் பெயரைச் சொல்லிப் பலர் காசு பிடுங்கிவிட்டார்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே எச்சரிக்கை விட வேண்டி வந்தது. பணியகம் நேரடியாக அறிவிக்காத ஈ-8 எதையும் நம்பாதீர்கள். ஈ-9 வேறு. அது பருவ வேலை இல்லை, 4 வருடம் 10 மாதம் வரை போகும் வேலை. 2004இலிருந்து இலங்கையர் போகிறார்கள். கொரிய மொழித் தேர்வில் சித்தியடைய வேண்டும், இடையில் முகவருக்கு இடமே இல்லை.

எனக்குக் கேட்டால், உங்களுக்குப் பொருந்துவது ஜப்பானின் குறிப்பிட்ட திறன் விசா என்பேன். 2019இல் இலங்கையோடு உடன்பாடு ஆனது. விவசாயம் அதில் ஒரு துறை. அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வும் விவசாயத் திறன் தேர்வும் எழுத வேண்டும். மொத்தம் 5 வருடம். விவசாயத்திலும் மீன்பிடியிலும் மட்டும் ஒரு வசதி உண்டு: வேலை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், ஒரு நிறுவனத்தின் கீழ் இருந்துகொண்டே பல பண்ணைகளுக்குப் போகலாம். வேலை இல்லாத குளிர்காலத்தில் ஊருக்கு வந்து போகவும் இடம் இருக்கிறது. நல்லதண்ணி சீசனும் கொழும்புமாக வாழ்ந்து பழகிய ஆளுக்கு இது புரியாத வாழ்க்கை இல்லை.

எந்த நாடாக இருந்தாலும் ஒன்றைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: கூலி மணிக்கா, கிலோவுக்கா? அம்மாவிடம் கேளுங்கள், இதில் அவர் எனக்கும் மேல் தெரிந்தவர். மழை பெய்து கொழுந்து குறைந்த நாளில் அரைப் பேரு (அரை நாள் கூலி) போட்டதை அவர் மறந்திருக்க மாட்டார். அவுஸ்திரேலியாவிலும் பழம் பறிப்பவர்களுக்கு நீண்ட காலம் கூடைக்கணக்குத்தான். பெரிய பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, பழம் சிறுத்த பருவத்தில் நாள் முழுக்கப் பறித்தாலும் ஒன்றும் தேறாமல் போன வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏராளம். 2022 ஏப்ரலில்தான், பெட்டிக் கணக்காக இருந்தாலும் மணிக்கூலி அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது என்று அங்கே விதி வந்தது.

ஹட்டன் அலுவலகம் தந்த கடதாசியின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். அதில் பணியகத்தின் அனுமதி இலக்கம் இல்லை, சம்பளம் இல்லை, பண்ணையின் பெயரும் இல்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முதலில் சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றித் தருகிறோம் என்று யாராவது பேச்சை மாற்றினால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று கிளம்பி, மியன்மாரின் மியாவடியில் மோசடிக் கூடங்களுக்குள் அடைபட்ட நம் நாட்டுப் பிள்ளைகளை 2024இல் மீட்டு வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

என் சொந்த அக்கா போன கதையையும் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில், ஒரு தரகரை நம்பி வீட்டிலிருந்த இரண்டு சங்கிலியையும் அடகு வைத்து வளைகுடாவுக்குப் போனார். சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு. திரும்பி வந்துவிடு என்று அப்பா எழுதினார். கடன் அடையட்டும் என்று அக்கா பதில் எழுதினார். நான்கு வருடம் அந்த ஒரே பதில்தான் வந்தது. சங்கிலி மீளவே இல்லை. வெளிநாடு போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு நான் வந்ததற்கு அதுதான் காரணம்.

அதனால் அம்மாவின் சேமலாப நிதி வங்கியிலேயே இருக்கட்டும். அது அவர் முதுகு வளைத்த காசு. மொழி வகுப்புக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் நீங்கள் நல்லதண்ணியில் உழைத்ததே போதும். இந்த டிசெம்பருக்குள் ஜப்பானியமா கொரியமா என்று முடிவெடுங்கள். சீசனில் அந்த நாட்டுக்காரர்களும் மலையேற வருவார்கள், இரவு இரண்டு மணிக்கு எழுப்பும்போது அவர்கள் மொழியிலேயே எழுப்பிப் பாருங்கள். எந்த வகுப்பு என்று எழுதுங்கள், தேர்வுத் திகதிகளைப் பார்த்து அனுப்புகிறேன்.