பழைய ஷேவிங் செட்: முலாம் போகாமல் சுத்தம் செய்வது எப்படி?

கல்பாத்தி, பாலக்காடு நகரில் இருக்கிறது. அங்கே கல்பாத்திப் புழை என்னும் ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரையில் விசுவநாத சுவாமி கோயில் உள்ளது. அதை ஒட்டி அக்கிரகாரத் தெருக்கள் உள்ளன. ஐப்பசி மாதக் கடைசியில் அங்கே தேர்த் திருவிழா நடக்கும். தேருக்கு முன் வீடுகளைத் துப்புரவு செய்வார்கள். பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டிகள் கீழே இறங்கும்.

இந்தத் தெருக்களிலிருந்து பலர் வேலைக்காக வெளியூர் போனார்கள். பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை என்று போனார்கள். வேலை முடிந்து சிலர் ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய பெட்டிகளும் திரும்பி வந்தன. அப்படி ஒரு பெட்டியில் பழைய ஷேவிங் செட் கிடைக்கலாம். அது கறுத்திருக்கும். சோப்பு காய்ந்து ஒட்டியிருக்கும். ஓரங்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்.

அதைத் தூக்கி எறிய வேண்டாம். அது உலோகத்தால் ஆனது. நல்ல நிலையில் இருந்தால் இன்றும் பயன்படும். புது பிளேடு மட்டும் போட்டால் போதும். ஆனால் தவறாகத் தேய்த்தால் ஒரே நாளில் கெட்டுவிடும்.

ஷேவிங் செட் வந்த கதை

முன்பு சவரக் கத்திதான் இருந்தது. அதைத் தோலில் தீட்டிக் கூராக்க வேண்டும். கை தவறினால் கன்னம் கிழியும்.

கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். மெல்லிய எஃகுத் தகட்டில் பிளேடு செய்ய வேண்டும் என்று நினைத்தார். மழுங்கினால் அதைத் தீட்ட வேண்டாம், மாற்றினால் போதும். இதுதான் அவருடைய யோசனை. அவருடைய நிறுவனம் 1903-ஆம் ஆண்டில் விற்பனையைத் தொடங்கியது. அந்த ஆண்டு விற்றவை 51 ஷேவிங் செட்டுகள், 168 பிளேடுகள். அவ்வளவுதான். 1904-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு முதல் உலகப் போர் வந்தது. அமெரிக்க அரசு தன் போர்வீரர்களுக்கு ஷேவிங் செட்டுகளைக் கொடுத்தது. போர் 1918-இல் முடிந்தது. வீரர்கள் அந்தப் பழக்கத்தோடு வீடு திரும்பினார்கள்.

பழைய ஷேவிங் செட்டில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் மூன்று பாகங்கள் இருக்கும். கைப்பிடி, கீழ்த்தகடு, மேல்மூடி. கைப்பிடியைத் திருகினால் மூன்றும் தனித்தனியாக வரும். மற்றொரு வகையில் கைப்பிடியின் அடியில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகினால் மேல்மூடி இரட்டைக் கதவு போலத் திறக்கும். இந்த வகையைக் கழற்ற முயலக் கூடாது.

விளக்குக்குப் புளி ஆகும். இதற்கு ஏன் ஆகாது?

அக்கிரகாரத்து வீடுகளில் வெள்ளிக்கிழமைக்கு முன் குத்துவிளக்கைத் துலக்குவார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். விளக்கு பளபளவென்று ஆகிவிடும். ஷேவிங் செட்டையும் அப்படியே தேய்க்கத் தோன்றும்.

"பாட்டி, விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கறேளே. இதையும் தேய்க்கலாமா?" என்று பேரன் கேட்பான்.

"வேண்டாம் கொழந்தே. விளக்கு உள்ளும் புறமும் பித்தளை. இது மேலே பூசினது. தேய்ச்சா பூச்சு போயிடும்" என்று விவரம் தெரிந்த பாட்டி சொல்வாள்.

பாட்டி சொல்வது சரி. புளியில் அமிலம் இருக்கிறது. அது களிம்பைக் கரைக்கும். சாம்பல் உரசி எடுக்கும். விளக்கில் பித்தளை கொஞ்சம் தேயும். தேய்ந்தாலும் அடியில் இருப்பது அதே பித்தளைதான். அதனால் குறை தெரியாது.

பழைய ஷேவிங் செட்டுகள் பெரும்பாலும் பித்தளையால் ஆனவை. அந்தப் பித்தளைக்கு மேல் நிக்கல் முலாம் இருக்கும். சிலவற்றில் குரோமியம் முலாம் அல்லது தங்க முலாம் இருக்கும். முலாம் தலைமுடியைவிட மெல்லியது. தங்க முலாம் இன்னும் மெல்லியது. முலாம் ஒரு முறை போனால் வீட்டில் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. முலாம் பூசும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

முதலில் உலோகத்தைப் பாருங்கள்

ஓரம் தேய்ந்த இடத்தில் மஞ்சள் நிறம் தெரிகிறதா? அப்படியானால் உள்ளே பித்தளை. அதன்மேல் முலாம்.

கையில் எடுத்தால் மிகவும் லேசாக இருக்கிறதா? நிறம் வெளிறிய சாம்பலா? அது அலுமினியமாக இருக்கலாம். இதற்குச் சலவைச் சோடா ஆகாது. அது அலுமினியத்தை அரிக்கும்.

முலாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறதா? அடியில் வெள்ளைத் தூள் தெரிகிறதா? அது துத்தநாகக் கலவையாக இருக்கலாம். இதில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ படக் கூடாது.

கைப்பிடி கறுப்பாகவும் கடினமாகவும் இருக்கிறதா? அது பேக்கலைட்டாக இருக்கலாம். பழைய மின்சார சுவிட்சுகளும் இதில் செய்தவைதான். இதை நீரில் ஊற வைக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

சுத்தம் செய்யும் முறை

1. உள்ளே பழைய பிளேடு இருக்கலாம். முதலில் அதை எடுங்கள். பிளேடின் கூரில்லாத குட்டைப் பக்கங்களை மட்டும் பிடியுங்கள்.

2. திருகு இறுகியிருந்தால் குறடு போட்டுத் திருகாதீர்கள். குறடு முலாமைக் கிழிக்கும். இணைப்பில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். ஓர் இரவு அப்படியே வையுங்கள். காலையில் துணியைச் சுற்றிக் கையால் திருகுங்கள்.

3. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுங்கள். அதில் கொஞ்சம் சோப்பு கரையுங்கள். உலோகப் பாகங்களை அரை மணி நேரம் ஊற வையுங்கள்.

4. மென்மையான பழைய பல் பிரஷால் தேயுங்கள். பல் இடுக்குகளிலும் திருகு மரையிலும் சோப்பு அடைத்திருக்கும். அழுத்த வேண்டாம். போகாவிட்டால் மறுபடி ஊற வையுங்கள். பெரும்பாலான அழுக்கு இதிலேயே போய்விடும்.

5. பித்தளையின்மேல் வெள்ளை உப்புப் படலம் இன்னும் இருந்தால் வினிகர் பயன்படும். ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர் கலக்குங்கள். அதில் பஞ்சை நனைத்து அந்த இடத்தில் மட்டும் தடவுங்கள். 5 நிமிடத்திற்கு மேல் விடாதீர்கள். உடனே நல்ல நீரில் கழுவுங்கள்.

6. துணியால் துடையுங்கள். பாகங்களைத் தனித்தனியாக நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மாட்டினால் மறுபடி களிம்பு பிடிக்கும். இடவப்பாதி மழைக் காலத்தில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

7. கதவு போலத் திறக்கும் வகையில் இணைப்புகளுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசுபிசுப்பாகும்.

செய்யக் கூடாதவை

கம்பி நாரால் தேய்க்கக் கூடாது. செங்கல் பொடியும் சாம்பலும் கூடாது. பற்பசையில்கூட உரசும் தூள் உண்டு. தங்க முலாமில் அது படக் கூடாது.

கொதிக்கும் நீரில் போடக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் போடக் கூடாது. அது உலோகத்தை அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ புளியையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். மூச்சுக்கு ஆபத்து.

கிருமியைப் போக்குவது

பளபளப்பு வேறு. சுத்தம் வேறு. சவரத்தின்போது தோலில் சிறு கீறல்கள் விழும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கருவியில் ஒட்டும். ஹெபடைட்டிஸ் பி என்னும் மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தின் வழியே பரவும். அது உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் பிழைத்திருக்கும்.

பல ஆண்டுகள் பரணில் கிடந்த கருவியில் இந்தக் கிருமி இருக்காது. ஆனால் பழைய சாமான் கடையில் வாங்கியதை நேற்று யார் பயன்படுத்தினார் என்று தெரியாது. அதனால் முதலில் சோப்பால் நன்றாகக் கழுவ வேண்டும். அழுக்கு இருந்தால் மருந்து உள்ளே போகாது. பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் உலோகப் பாகங்களை 10 நிமிடம் வைக்க வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

வீட்டில் ஒருவர் பயன்படுத்தும் ஷேவிங் செட்டை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. அப்பாவும் மகனும்கூடப் பகிரக் கூடாது.

பழைய பிளேடை எங்கே போடுவது?

பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவது தவறு. குப்பையைப் பிரிப்பவரின் கை வெட்டுப்படும். கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து மக்காத குப்பையைச் சேகரிக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் கையை நம்பித்தான் அந்த வீடும் நடக்கிறது.

மூடியுள்ள ஒரு தகர டப்பா எடுங்கள். மூடியில் ஒரு சிறு கீறல் வெட்டுங்கள். பழைய பிளேடுகளை அதன் வழியே உள்ளே போடுங்கள். டப்பாவின்மேல் "பிளேடு" என்று பெரிதாக எழுதுங்கள். நிறைந்ததும் கீறலை ஒட்டி மூடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

எழுத்தை அழிக்காதீர்கள்

ஷேவிங் செட்டைத் திருப்பிப் பாருங்கள். தலையின் அடியில் சிறிய எழுத்துகள் இருக்கலாம். அமெரிக்காவில் 1951-க்குப் பிறகு செய்த ஜில்லெட் செட்டுகளில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து ஆண்டைக் குறிக்கும். எண் ஆண்டின் எந்தக் கால் பகுதி என்று சொல்லும். "ஏ 1" என்றால் 1955-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்கள்.

அந்த இரண்டு எழுத்தும் அழிந்தால் பொருளின் வயதும் அழிந்துவிடும். அதனால் அளவாகத் தேயுங்கள். புதிது போல மின்ன வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம். தாத்தாவின் விரல் பட்டுத் தேய்ந்த இடம் தேய்ந்ததாகவே இருக்கட்டும். அழுக்கு போனால் போதும்.

நினைவில் வைக்க

* முதலில் உலோகம் எது என்று பார்க்க வேண்டும்.
* சோப்பு, வெந்நீர், மென்மையான பிரஷ். இவையே போதும்.
* பூசிய பொருளுக்குப் புளியும் சாம்பலும் ஆகாது.
* புது பிளேடுதான் போட வேண்டும். ஒருவருக்கு ஒரு ஷேவிங் செட்.
* பழைய பிளேடு தகர டப்பாவில்.

விடை சொல்லுங்கள்

1. குத்துவிளக்குக்கும் ஷேவிங் செட்டுக்கும் என்ன வேறுபாடு?
2. இறுகிய திருகை எப்படிக் கழற்ற வேண்டும்?
3. பிளீச்சிங் பவுடரோடு எவற்றைக் கலக்கக் கூடாது? ஏன்?
4. உங்கள் வீட்டில் முலாம் பூசிய பொருள்கள் எவை? அவற்றின் பெயர்களை எழுதுங்கள்.