எல்.ஐ.சி.யில் வேலை: பனித்திட்டுப் பிள்ளைகளுக்கு எது ஒத்துவரும்?

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடை தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். அந்த நாட்களில்தான் எங்கள் மீனவ ஊரான பனித்திட்டில் படித்த பிள்ளைகள் ஏஜெண்டான என்னைத் தேடி வருவார்கள். “அண்ணே, எல்.ஐ.சி.யில சேரலாமா?” என்பார்கள். எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பிழைப்புகள் பல இருக்கின்றன.

பட்டம் முடித்து, 30 வயதைத் தாண்டாதவராக இருந்தால் முதலில் ஏ.ஏ.ஓ. எனப்படும் உதவி நிர்வாக அதிகாரி தேர்வைப் பாருங்கள். ஓ.பி.சி. பிரிவுக்கு மூன்று ஆண்டு வயதுத் தளர்வு உண்டு. ஆனால் அதற்கு மத்திய அரசுப் பணிக்கான சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், உள்ளூர் ஒதுக்கீட்டுக்கு வாங்கியது செல்லாது. 2025 அறிவிப்பில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 88,635 ரூபாய். 2021 மே முதல் சனிக்கிழமையும் விடுமுறை. ஆனால் இந்தியா முழுவதற்கும் சில நூறு இடங்கள்தான், பணியிடமும் நாட்டின் எந்த மூலையிலும் கிடைக்கலாம். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, தம்பி சின்னவன் என்றால் இதை யோசித்துத்தான் இறங்க வேண்டும். கவுன்ட்டரில் உட்காரும் உதவியாளர் வேலைக்குப் பெரிய அளவில் ஆள் எடுத்தது 2019-இல். அதை நம்பி வயதைக் கடத்தாதீர்கள்.

டி.ஓ. என்று நாம் சொல்லும் வளர்ச்சி அதிகாரிக்குச் சம்பளம் உண்டு, நிம்மதி குறைவு. ஏஜெண்டுகளைச் சேர்ப்பதும் பழக்குவதும் அவர்கள் மூலம் பிரீமியம் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. அவருக்கு ஆகும் செலவு அந்தப் பிரீமியத்தில் ஒரு விகிதத்தைத் தாண்டினால் அவருடைய சம்பளத்திலேயே கை வைப்பார்கள். 2023-இல் 9,394 இடங்களுக்கு ஆள் எடுத்தபோது ஏஜெண்டுகளுக்கென்று தனி ஒதுக்கீடு இருந்தது. ஏஜெண்டாக நாலு வீடு ஏறி இறங்கிய பட்டதாரிக்கு இது பொருந்தும். படிப்பை முடித்த கையோடு போகிறவர் திணறிப்போவார்.

எல்.ஐ.சி.க்கு வெளியே, தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் விற்பனை வேலை சீக்கிரம் கிடைக்கும். என் முதல் வேலையும் அதுதான். முதல் மாதம் சித்தப்பா, இரண்டாம் மாதம் பள்ளித் தோழன், மூன்றாம் மாதம் கோயில் கமிட்டிக்காரர் என்று பாலிசி போட்டேன். எட்டாம் மாதம் டார்கெட் வரவில்லை, வேலை போயிற்று. நான் போட்ட பாலிசிகளைக் கவனிக்க ஆளில்லை. சித்தப்பா இரண்டாம் வருஷப் பிரீமியம் கட்டவில்லை, முதல் வருஷம் கட்டியது மொத்தமும் போனது. கொஞ்ச நாள் அவர் வீட்டுத் தெருவில் நடக்கவே எனக்குக் கூசியது. எல்லா நிறுவனமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். சம்பளம் யார் பெயரில் வருகிறது, நிறுவனத்தின் நேரடி ஊழியரா அல்லது இடையில் ஓர் ஏஜென்சியா, டார்கெட் தவறினால் என்ன செய்வார்கள் என்பதை நியமனக் கடிதத்தில் படித்துவிட்டுச் சேருங்கள்.

இப்போது எல்.ஐ.சி. ஏஜெண்ட் வேலை. பத்தாம் வகுப்பு போதும். 25 மணி நேரப் பயிற்சி, பிறகு ஒரு தேர்வு, அதைத் தமிழிலேயே எழுதலாம். சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, கமிஷன் மட்டும். 2024 அக்டோபருக்குப் பிறகு முதல் வருஷக் கமிஷன் குறைந்து, பின்வரும் வருஷங்களின் பங்கு கூடியிருக்கிறது. பாலிசியை உயிரோடு வைத்திருப்பவருக்குத்தான் இனி வருமானம். ஏஜெண்டுகளின் பணிக்கொடை வரம்பை 2023-இல் 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தினார்கள்.

நம் கரையில் இந்த வேலையைச் செய்யத் தனிப் பக்குவம் வேண்டும். மாதப் பிரீமியம் போட்டால் தடைக்காலத்தில் இரண்டு தவணை நிற்கும், மாதத் தவணைக்குச் சலுகை நாள் 15 மட்டுமே. அரையாண்டுத் தவணை எழுதி, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும்படி பார்த்துக்கொள்வேன். அப்போது படகு கடலில் இருக்கும், கையில் காசு புரளும். இன்னொன்று இதைவிடக் கடினம். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால், ஏழு ஆண்டு தகவல் இல்லாத பிறகுதான் சட்டம் அவரை இறந்தவராகக் கருதும். அதுவரை பிரீமியத்தையும் விடாமல் கட்ட வேண்டும். இதை அவர் மனைவியிடம் போய்ச் சொல்ல வேண்டியவர் ஏஜெண்ட்தான். அந்த வாசலில் நிற்க முடியாதவருக்கு இந்த வேலை வேண்டாம்.

பெண்களுக்கு இப்போது பீமா சகி இருக்கிறது. 2024 டிசம்பர் 9-இல் பானிப்பட்டில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் இது. 18 முதல் 70 வயது வரை, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். உதவித்தொகை முதல் வருஷம் மாதம் 7,000, இரண்டாம் வருஷம் 6,000, மூன்றாம் வருஷம் 5,000 ரூபாய். கமிஷன் தனி. இது சம்பள வேலை அல்ல, ஏஜெண்ட் வேலைதான். வருஷத்துக்கு 24 பாலிசி பிடிக்க வேண்டும். முதல் வருஷம் போட்டதில் 65 சதவீதம், அதாவது 24-க்குக் குறைந்தது 16, உயிரோடு இருந்தால்தான் அடுத்த வருஷ உதவித்தொகை வரும். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கெழுதிப் பழகியவர், மீன் விற்கக் கூடை தூக்கி ஊர் ஊராய்ப் போகிறவர் ஆகியோருக்கு இது நல்ல வழி என்பேன். அவர்களைத் தெரிந்த வீடு பாகூர் வரைக்கும் இருக்கும். உதவித்தொகைக்காகத் தங்கை பெயரிலும் நாத்தனார் பெயரிலும் பாலிசி போட்டு, பிரீமியத்தைத் தானே கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கணக்கும் கிழியும், உறவும் கிழியும்.

ஏஜெண்டோ பீமா சகியோ, விண்ணப்பம் வாங்கப் போவதற்கு முன்பு ஒரு நோட்டில் முப்பது பெயர் எழுதுங்கள். சொந்தக்காரர்களை அடித்துவிடுங்கள். தடைக்காலம் முடிந்தும் கடன் அடையாத வீடுகளையும் அடித்துவிடுங்கள். மிச்சம் இருபது பெயர் நின்றால் கிளை அலுவலகத்துக்குப் போகலாம். ஐந்தாறுதான் நிற்கிறது என்றால், அந்த நோட்டைத் திருப்பி வைத்து ஏ.ஏ.ஓ. தேர்வுக்குக் கணக்குப் போட்டுப் பழகுங்கள்.