மத்தியானத் தூக்கத்தைக் கேட்டுட்டு ரூம் போடு

"அக்கா, டிஸ்னிக்கு உள்ளேயே தங்கறதா, வெளியே தங்கறதா? வெளியே நாலு பெட்ரூம் வீடே கிடைக்குதே"ன்னு நேத்து ராத்திரி கேட்டே. நான் பதில் சொல்றதுக்குள்ள சின்னவ அழுதா, போனை வெச்சுட்டே. அதான் உட்கார்ந்து எழுதறேன். இதுக்கு ஒரு வரில பதில் சொன்னா நீ விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்துடுவே.

விலை அப்புறம். முதல்ல இதைச் சொல்லு. நீங்க போகப்போற ஆறு பேர்ல மத்தியானம் படுக்காம முடியாதவங்க எத்தனை பேர்? என் கணக்குல மூணு. சின்னவளுக்கு மூணரை வயசு. அப்பாவுக்கு 72. அம்மா தூங்க மாட்டாங்க, ஆனா ஒரு மணி நேரமாவது காலை நீட்டி உட்காரணும். அதுவும் நீ போறது ஜூன் மாசம். ஆர்லாண்டோ வெயில் 33 டிகிரின்னு எழுதியிருக்கும், ஆனா புழுக்கம் நம்ம மெட்ராஸ் புழுக்கம். மத்தியானத்துக்கு மேல இடி மின்னலோட மழை வேற. ஒன்றரை மணியிலேர்ந்து நாலரை மணி வரைக்கும் உன் குடும்பம் எங்கே இருக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைச்சா ரூம் எங்கேங்கறதும் தானா தெரிஞ்சுடும்.

எங்க முதல் பயணம் உனக்கு முழுசா தெரியாது. என் பையனுக்கு அப்போ நாலு வயசு, கூட மாமனார், மாமியார். டிஸ்னிக்கு வெளியே மெயின் ரோட்டு மேல ஒரு ஓட்டல். பேர் வேண்டாம். 'பார்க்குக்கு இலவச ஷட்டில்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க, அதை நம்பி உன் அத்தான் கார் வாடகைக்கு எடுக்கலை. காலைல ஒரு வண்டி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒண்ணு, ராத்திரி வாணவேடிக்கை முடிஞ்சதும் ஒண்ணு. மொத்தமே அவ்வளவுதான்னு அங்கே போய்த்தான் தெரிஞ்சுது. ஒன்றரை மணிக்குப் பையன் தரையில படுத்து அழ ஆரம்பிச்சான். ஒரு நிழல் பார்த்து பெஞ்சுல உட்கார்ந்தோம். அவன் என் மடியில வேர்வையோட தூங்கிட்டான். மாமியார் பார்க் மேப்பை மடிச்சு அவனுக்கு விசிறிக்கிட்டே இருந்தாங்க. அவங்க செருப்பைக் கழட்டினப்போதான் பார்த்தேன், வார் அழுத்தின இடம் பள்ளமா பதிஞ்சு, சுத்தியும் வீங்கியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லலை அவங்க. அஞ்சு மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அதனாலதான் ஷட்டில்னு எங்கே படிச்சாலும் உடனே போன் பண்ணி எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்த இடத்துல இறக்கி விடுவாங்க, இந்த மூணையும் கேளுன்னு எல்லார்கிட்டேயும் சொல்றேன்.

'எந்த இடத்துல'ங்கறது ஏன் முக்கியம்னு சொல்றேன். வால்ட் டிஸ்னி வேர்ல்டுங்கறது ஒரு பார்க் இல்லை, சுமார் 40 சதுர மைல். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம்னு நாலு பெரிய பார்க் அதுக்குள்ள தள்ளித் தள்ளி இருக்கு. மத்த மூணுலேயும் காரை நிறுத்திட்டு வாசலுக்கு வந்துடலாம். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிச்ச மேஜிக் கிங்டத்துல அது நடக்காது. காரோ ஊபரோ, ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற டிரான்ஸ்போர்ட்டேஷன் சென்டர்லதான் விடும். அங்கேயிருந்து மோனோரயிலோ படகோ பிடிச்சு ஏரியைத் தாண்டினாத்தான் வாசல். திரும்பறப்பவும் அதே வழி: வரிசை, படகு, பார்க்கிங்ல காரைத் தேடறது, அப்புறம் ரோட்டு டிராஃபிக். போக, வரன்னு ரெண்டு தடவை இதைக் கூட்டிப் பாரு. மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வரலாம்ங்கற நினைப்பே போயிடும். டிஸ்னி ஓட்டல் பஸ் மட்டும் மேஜிக் கிங்டம் வாசலுக்குப் பக்கத்துலேயே நிக்கும். உள்ளே தங்கறதுல எனக்குப் பெருசா படறது இதுதான்.

ரெண்டாவது தடவை உள்ளேயே தங்கினோம். ஆடம்பரமா இல்லை, இருக்கிறதுலேயே விலை குறைஞ்ச வரிசை. பன்னிரண்டரைக்கு பஸ் ஏறினோம். ரூம்ல ஃப்ரிட்ஜ்லேர்ந்து தயிர் சாத டப்பாவை எடுத்தேன், தொட்டுக்க நார்த்தங்காய். திரைச்சீலையை இழுத்து விட்டதும் பத்து நிமிஷத்துல பையனும் மாமனாரும் ஒரே கட்டில்ல தூங்கிட்டாங்க. வெளியே இடி இடிச்சு மழை கொட்டுச்சு. நாலரைக்கு எழுந்து முகம் கழுவிக் கிளம்பினோம். அன்னைக்கு ராத்திரி கோட்டை மேல வாணவேடிக்கை முடியற வரைக்கும் யாரும் 'போலாம்'னு சொல்லலை.

இப்போ காசுக்கு வரேன். வெளியே இருக்கிற ஓட்டல்ல ராத்திரி வாடகையை மட்டும் பார்த்து ஒப்பிடாதே. நிறைய இடத்துல தினமும் ரிசார்ட் ஃபீஸ்னு தனியா வாங்குவாங்க. 2025 மே மாசத்துலேர்ந்து அதையெல்லாம் சேர்த்தே விலை காட்டணும்னு அமெரிக்காவுல விதி வந்தாச்சு, ஆனா ஓட்டல் பார்க்கிங் காசு அதுல சேராம இருக்கலாம். அதைத் தனியா கேட்டுக்கோ. டிஸ்னி பார்க்குல கார் நிறுத்த வெளியே தங்கறவங்க ஒவ்வொரு நாளும் தனியா காசு கட்டணும். டிஸ்னி ஓட்டல்ல தங்கினா பார்க்குலேயும் ராத்திரி ஓட்டல்லேயும் பார்க்கிங் இலவசம், ரிசார்ட் ஃபீஸும் கிடையாது. ரூம் வரி ரெண்டு பக்கமும் உண்டு, இடத்தைப் பொறுத்து 12.5 லேர்ந்து 13.5 சதவீதம் போகும். வாடகை வீடுன்னா கிளீனிங் ஃபீஸ் ஒரு பெரிய தொகையா வரும். ஏழு நாள் தங்கறவங்களுக்கு அது பரவிடும், மூணு நாள் தங்கறவங்களுக்கு ஒவ்வொரு ராத்திரி மேலேயும் ஏறி உட்காரும். ஒரு காகிதம் எடுத்து ரெண்டு பக்கமும் முழுசா எழுதிக் கூட்டு. நீ நினைச்ச விலை வித்தியாசம் அப்படியே இருக்காது.

பழைய ஆளுங்க யாராவது ஏர்போர்ட்லேர்ந்து டிஸ்னி பஸ் இலவசம்னு சொன்னா நம்பாதே, அது 2022 தொடக்கத்தோட நின்னு போச்சு. நீ ஷார்லட்லேர்ந்து கார்லதானே போறே, உனக்கு அது பிரச்சினை இல்லை.

வாடகை வீடு மோசம்னு நினைச்சுடாதே. கிஸ்ஸிமி, டேவன்போர்ட் பக்கம் நல்ல வீடுங்க இருக்கு, பின்னாடியே நீச்சல் குளம், வாஷிங் மெஷின், முழு சமையலறை. உன் பெரியவன் வயசுல ரெண்டு பசங்க, காலைல ஓடினா ராத்திரிதான் உட்காருவாங்கங்கற குடும்பமா இருந்தா, நானே வீட்டைத்தான் எடுக்கச் சொல்வேன். பார்க்குக்குப் போகாத நாள் நிறைய இருந்தாலும் வீடுதான். எடுத்தா ரெண்டு விஷயம் பார்த்துக்கோ. 'டிஸ்னிக்கு 15 நிமிஷம்'னு போட்டிருந்தா, நீயே மேப்ல அந்த வீட்டுலேர்ந்து மேஜிக் கிங்டம் பார்க்கிங் வரைக்கும், காலை எட்டு மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு போட்டுப் பாரு. ஐ-4 ரோட்டுல காலைல நிலைமையே வேற. அடுத்தது, குளத்துக்குப் போற கதவுல அலாரமோ, குளத்தைச் சுத்தி வேலியோ இருக்கான்னு எழுதிக் கேளு. மூணரை வயசுக் குழந்தை இருக்கிற வீட்டுல இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது. போய்ச் சேர்ந்ததும் பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி அலாரம் வேலை செய்யுதான்னு திறந்து பாரு.

சாப்பாட்டை நினைச்சுதான் நீ வீடு வீடுன்னு சொல்றேன்னு எனக்குத் தெரியும். அப்பா ரெண்டு வேளைக்கு மேல பீட்சாவும் ஃப்ரைஸும் சாப்பிட மாட்டார். ஆனா அதுக்கு முழு சமையலறை தேவையில்லை. விலை குறைஞ்ச டிஸ்னி ரூம்லேயும் ஃப்ரிட்ஜும் காபி மேக்கரும் இருக்கும், மைக்ரோவேவ் கீழே ஃபுட் கோர்ட்ல இருக்கும். பார்க்குக்குள்ள வீட்டுச் சாப்பாடு எடுத்துட்டுப் போகலாம், அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரமும் உதிரி ஐஸும்தான் கூடாது, ஜெல் ஐஸ் பேக் வெச்சுக்கோ. நீ கிளம்பறதுக்கு முதல் நாள் புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, இட்லிப் பொடி மூணும் தயார் பண்ணிடு. சப்பாத்தியை நல்லெண்ணெய் விட்டுச் சுட்டு அடுக்கிக்கோ, ரெண்டு நாள் தாங்கும். சாதத்துக்கு மைக்ரோவேவ் பாக்கெட் சாதம் போதும். ரூம்ல அடுப்பு வெச்சுத் தாளிக்கலாம்னு மட்டும் நினைக்காதே, ஸ்மோக் அலாரம் கத்தும். அனிமல் கிங்டம் லாட்ஜ்ங்கற டிஸ்னி ஓட்டல்ல சனான்னு ஒரு உணவகம் இருக்கு, ஒரு சாயங்காலம் அங்கே கூட்டிட்டுப் போ. ஆப்பிரிக்க, இந்திய ருசி ரெண்டும் கலந்த சமையல். பிரெட் சர்வீஸ்னு கேட்டா நாண் மாதிரி ரொட்டிகளும் சட்னி வகைகளும் வரும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். இருட்டறதுக்கு முன்னாடி டேபிள் கிடைக்கிற மாதிரி புக் பண்ணு.

உள்ளேன்னு முடிவு பண்ணினா எல்லா ஓட்டலும் ஒண்ணுன்னு நினைக்காதே. ஆல்-ஸ்டார் ஓட்டல்கள் மூணும் விலை குறைவு, ஆனா எங்கே போகணும்னாலும் பஸ்தான். பாப் செஞ்சுரியும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனும் அதே வரிசைதான், கொஞ்சம் கூட ஆகும், ஆனா அங்கே ஸ்கைலைனர் இருக்கு. 2019 செப்டம்பர்ல வந்த ரோப் கார் அது. நடுவுல ஒரு இடத்துல மாறி எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் போகலாம். சின்னவ ஸ்ட்ரோலர்ல தூங்கிட்டா பஸ்ல எழுப்பித் தூக்கிட்டு ஸ்ட்ரோலரை மடிக்கணும், ஸ்கைலைனர்ல பெரும்பாலும் அப்படியே தள்ளிட்டு ஏறிடலாம். மின்னல் வந்தா நிறுத்திடுவாங்க, அப்போ பஸ் உண்டு. கன்டெம்பரரி, பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் மூணும் மோனோரயில் பாதையில இருக்கு. கன்டெம்பரரிலேர்ந்து மேஜிக் கிங்டத்துக்குப் பத்து நிமிஷம் நடந்தே போகலாம், ஆனா விலை மலை மாதிரி. உங்களுக்கு அது வேண்டாம்.

விலை குறைஞ்ச ரூம்ல நாலு பேர்தான் தங்க முடியும். ஆறு பேருக்கு ஆர்ட் ஆஃப் அனிமேஷன்ல ஃபேமிலி ஸ்வீட் உண்டு, ரெண்டு பாத்ரூம், மைக்ரோவேவ் எல்லாம் உள்ளேயே. ஆனா அதோட விலையையும் பாப் செஞ்சுரில ரெண்டு ரூம் விலையையும் பக்கத்துல வெச்சுப் பாரு. பல தேதிக்கு ரெண்டு ரூமே சகாயமா இருக்கும். உள்ளுக்குள்ள கதவு இருக்கிற கனெக்டிங் ரூம் வேணும்னு புக் பண்ணும்போதே கேளு. அப்பா தூங்கற ரூம்ல பெரியவன் டிவி போடாம இருப்பான், அதுக்கே ரெண்டு ரூம் நல்லது.

காலை நேரமும் ஒரு லாபம். டிஸ்னி ஓட்டல்ல தங்கறவங்களை எல்லா நாளும் எல்லா பார்க்குலேயும் அரை மணி நேரம் முன்னாடி விடுவாங்க. மேஜிக் கிங்டத்துல அந்த அரை மணில நேரா பீட்டர் பேன் ரைடுக்குப் போ. அதுக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை, சின்னவளும் அப்பாவும் சேர்ந்தே ஏறலாம், பகல்ல வரிசை ரொம்ப நீளும். காசு கட்டி நீள வரிசையைத் தவிர்க்கிற லைட்னிங் லேன் வாங்கறதா இருந்தா உள்ளே தங்கறவங்க செக்-இன்னுக்கு ஏழு நாள் முன்னாடி, தங்கற எல்லா நாளுக்கும் சேர்த்துப் போட்டுக்கலாம். மத்தவங்களுக்கு மூணு நாள்தான். ஸ்வான், டால்ஃபின்னு ரெண்டு ஓட்டல் டிஸ்னி நிலத்துலேயே, எப்காட்டுக்கு நடக்கிற தூரத்துல இருக்கு. அங்கேயும் இந்தச் சலுகை ரெண்டும் உண்டு, ஆனா ரிசார்ட் ஃபீஸும் பார்க்கிங்கும் தனி.

பெரியவன் டிஸ்னியை விட்டுட்டு யுனிவர்சல் பார்க்குக்குப் போகணும்னு அடம் பிடிச்சான்னா அதுக்கு இன்னொரு கணக்கு. அங்கே போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் மூணு ஓட்டல்ல தங்கினா, ரூம்ல இருக்கிற அத்தனை பேருக்கும் யுனிவர்சலோட பழைய ரெண்டு பார்க்குக்கு, நீள வரிசையைத் தவிர்க்கிற எக்ஸ்பிரஸ் பாஸ் சேர்த்தே வரும். 2025ல திறந்த எபிக் யுனிவர்ஸுக்கு அது செல்லாது. ஒரு ராத்திரி தங்கினாலே, வர்ற நாளும் போற நாளும் ரெண்டு நாள் பாஸ். டிஸ்னில பெரிய ஓட்டலுக்குக் காசு போடாதேன்னு சொன்ன நானே இங்கே ஒரு ராத்திரி போடலாம்னு சொல்வேன்.

அதனால உனக்கு என் யோசனை: முதல் மூணு ராத்திரி பாப் செஞ்சுரில ரெண்டு ரூம். மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம், எப்காட் மூணையும் அதுல முடிச்சுடு. அப்புறம் மூணு ராத்திரி வெளியே வீடு, கிளீனிங் ஃபீஸையும் கணக்குல சேர்த்துக்கோ. துணி துவைச்சு, ரசம் வெச்சு, பசங்க குளத்துல ஆட, அப்பா அம்மா ஓய்வெடுக்கட்டும். ரூம் மூணு மணிக்குத்தான் கிடைக்கும், ஆனா காலைலேயே பெட்டியை ஓட்டல்ல ஒப்படைச்சுட்டு பார்க்குக்குப் போயிடலாம்.

ரூமை டிக்கெட்டோட சேர்த்து பேக்கேஜா போடாம தனியா போடு. ரூம் மட்டும்னா ஒரு வாரம் முன்னாடி வரைக்கும் கேன்சல் பண்ணினாலும் முழுக் காசும் திரும்பி வரும். பேக்கேஜ்னா 30 நாளுக்குள்ள வந்துட்டா பிடிச்சுப்பாங்க. வீட்டுக்காரங்க விதி ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி, படிச்சுட்டு காசு கட்டு. அம்மாவுக்கு மடக்கற வீல்சேர் ஒண்ணு வெளியே வாடகைக்கு எடுத்து ஓட்டலுக்கே வரவழைச்சுடு. பார்க்குல கொடுக்கற வீல்சேரை வாசலுக்கு வெளியே பஸ் வரைக்கும் எடுத்துட்டு வர முடியாது. 'எனக்கு எதுக்கு'ம்பாங்க. பையை வெச்சுத் தள்ளறதுக்குன்னு சொல்லு, ரெண்டாவது நாள் தானா உட்காருவாங்க.