பிளாஸ்டிக்கின் களைப்பு

ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடுகிறதல்லவா? ஒரே இழுப்பில் முறியாத பொருளும், சிறு சுமை திரும்பத் திரும்ப வந்தால் விரிசல் கண்டு முறியும். இதனையே களைப்பு என்கிறோம். நான் ஆராயும் பிளாஸ்டிக்கும் இதற்கு விலக்கன்று.

ஸ்டைரீனும் அக்ரிலோநைட்ரைலும் சேர்ந்த பிளாஸ்டிக் கடினமானது. ஆனால் எளிதில் நொறுங்கும். அதனுள் நுண்ணிய ரப்பர் துகள்களைப் பரப்பினால் கிடைப்பது ஏ.பி.எஸ். விரிசல் நெருங்கும்போது இத்துகள்களைச் சுற்றி எண்ணற்ற நுண்பிளவுகள் தோன்றுகின்றன. பிளவின் இரு கரைகளையும் மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் பிணைத்து நிற்கின்றன. இவ்வாறு ஆற்றல் பல இடங்களில் செலவாவதால் விரிசலின் ஓட்டம் தளர்கிறது.

ஒவ்வொரு சுமைக்கும் விரிசல் எவ்வளவு வளரும்? பாரிஸ், எர்டோகன் என்னும் இருவர் 1963-இல் இதற்கொரு விதியை விளக்கினர். அதன்படி, அடுக்கு 4 ஆக உள்ள பொருளில், விரிசல் முனையின் தகைவுச்செறிவு வீச்சு இருமடங்கானால் வளர்ச்சி 16 மடங்காகும்.

சுற்றுப்புறமும் இந்த வேகத்தை மாற்றும். பெட்ரோலோ தின்னரோ பட்டால், அது நுண்பிளவுக்குள் புகுந்து இழைகளை இளக்கிவிடும். இழைகள் விரைவில் அறும். காற்றில் தாங்கிய சுமையையே பிளாஸ்டிக் தாங்காது. ஆகவே பொருளின் உறுதியைக் கேட்குமுன் அதன் சேர்க்கையைக் கேட்க வேண்டும்.

தலைக்கவசங்கள் பலவற்றின் ஓடு ஏ.பி.எஸ்ஸால் ஆனது. ஸ்கூட்டரில் செல்லும் நண்பர்கள் கறை போக்க அதில் பெட்ரோல் தேய்க்க வேண்டா. விருப்பம்போல் வண்ணமும் பூச வேண்டா. மென்மையான சோப்பு நீரே போதும்.