ஆய்வுக்கூடமும் அதன் தலைமையும்

ஆய்வுக்கூடம் என்றதும் சோதனைக் குழாய்களும், பியூரெட்டும், அமில நெடியும் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே வேலை செய்யும் மனிதர்களை நாம் அதிகம் நினைப்பதில்லை. நல்ல கருவிகள் இருந்தும், ஆட்களை நடத்தத் தெரியாமற் போனதால் ஓர் ஆய்வு எவ்வாறு தடுமாறியது என்பதை இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் வரலாற்றில் காண்கிறோம்.

அங்கே பௌதிகத் துறைத் தலைவராக இருந்தவர் ஜான் ராண்டல். திறமைசாலி, ரேடாருக்கு உயிர்நாடியான மாக்னெட்ரான் கருவியை 1940-இல் ஹாரி பூட் என்பவருடன் சேர்ந்து உருவாக்கியவர். அவர் 1950 டிசம்பரில் ரோஸலிண்ட் ஃபிராங்க்ளின் என்ற இளம் பெண் விஞ்ஞானிக்கு ஒரு கடிதம் எழுதினார். டி.என்.ஏ.யை எக்ஸ் கதிர்களால் ஆராயும் பணியில் அவரும், ரேமண்ட் காஸ்லிங் என்ற மாணவரும் மட்டுமே இருப்பார்கள் என்பது அதன் சாரம். அந்த ஆய்வை அதுவரை நடத்தி வந்தவரோ துணைத் தலைவரான மாரிஸ் வில்கின்ஸ். அவருக்கு இச்செய்தி சொல்லப்படவில்லை! 1951 ஜனவரியில் ஃபிராங்க்ளின் வந்து சேர்ந்தபோது வில்கின்ஸ் விடுமுறையில் இருந்தார். திரும்பி வந்தவர், தமக்கு உதவியாக ஒருவர் வந்திருப்பதாக எண்ணினார். ஃபிராங்க்ளின் இது தம் சொந்தப் பொறுப்பு என்று எண்ணினார். இருவர் மீதும் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒரே வயலை இருவருக்குக் குத்தகைக்கு விட்டால் வரப்பில் சண்டை வராமல் என்ன செய்யும்?

பின்னர் ராண்டல் தலையிட்டு, டி.என்.ஏ.யின் 'ஏ' வடிவம் ஃபிராங்க்ளினுக்கு, 'பி' வடிவம் வில்கின்ஸுக்கு எனப் பங்கு பிரித்தார். ஆனால் தரமான டி.என்.ஏ. ஃபிராங்க்ளினிடமே தங்கிவிட்டது. பாகம் பிரித்தும் பகை தீரவில்லை. 1952 மே மாதத்தில் ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் காஸ்லிங் எடுத்த புகழ்பெற்ற 51-ஆம் எண் படத்தை, 1953 ஜனவரியில் வில்கின்ஸ் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வாட்சனுக்குக் காட்டினார். ஃபிராங்க்ளினுக்கு அது தெரியாது. கிங்ஸ் கல்லூரியின் அறிக்கை ஒன்றிலிருந்த அளவுகளும் வாட்சன், கிரிக் இருவருக்கும் கிடைத்தன. மார்ச் மாதத்தில் இரட்டைச் சுருள் மாதிரி உருவாயிற்று.

அதே மார்ச்சில் ஃபிராங்க்ளின் பெர்க்பெக் கல்லூரிக்கு மாறினார். பலரும் அவரது கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள்; அது சரியன்று என்பது நம் கருத்து. பெர்க்பெக்கில் அவரே ஒரு சிறு குழுவின் தலைவி. புகையிலை மொசைக் வைரஸை ஆராய்ந்தார்கள். ஆரன் க்ளுக், கென்னத் ஹோம்ஸ், ஜான் ஃபின்ச் ஆகியோர் அவருடன் உழைத்தனர். ஆய்வுக்கான பணத்துக்காக அதிகாரிகளுடன் அவர் விடாமல் வாதாடினார். புற்றுநோயால் 1958 ஏப்ரலில், 37 வயதில் காலமானார்.

இனி கேம்பிரிட்ஜுக்கு வருவோம். 1962-இல் திறக்கப்பட்ட மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை ஏற்றவர் மாக்ஸ் பெரூட்ஸ். (மேற்சொன்ன அறிக்கையை வாட்சனுக்கும் கிரிக்குக்கும் கொடுத்தவரும் இவரே!) இவர் 'டைரக்டர்' பதவியை விரும்பவில்லை, நிர்வாகக் குழுவின் தலைவர் என்பதே போதும் என்றார். அதிக நேரம் தம் ஆய்வு மேசையிலேயே இருந்தார். தலைவரே கையில் வேலையோடு நிற்கும்போது, மற்றவர்களை விரட்ட வேண்டிய தேவை எங்கிருந்து வரும்? விலையுயர்ந்த கருவிகளை ஆளுக்கு ஆள் பூட்டி வைக்காமல் பொதுவில் பயன்படுத்தினார்கள். மேல்மாடியில் ஒரு சிற்றுண்டிச் சாலையும் அமைத்தார்கள். அதைப் பல்லாண்டுகள் கவனித்துக்கொண்டவர் பெரூட்ஸின் மனைவி கிசெலா. காப்பி வேளையிலும், பகலுணவிலும், மாலைத் தேநீரிலும் நோபல் பரிசு பெற்றவரும் நேற்று வந்த மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினர். கிங்ஸ் கல்லூரியில் ஒரே துறையில் இருந்த இருவர் பேசாமலிருந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

ஃபிராங்க்ளினின் குழுவிலிருந்த க்ளுக், ஹோம்ஸ், ஃபின்ச் மூவரும் 1962-இல் இந்த ஆய்வுக்கூடத்தில்தான் வந்து சேர்ந்தனர். க்ளுக் 1986 முதல் 1996 வரை இதன் தலைவராகவும் இருந்தார். அவர் 1982-இல் நோபல் பரிசு பெற்றபோது, வைரஸ் ஆராய்ச்சியைத் தமக்கு அறிமுகம் செய்தவர் ரோஸலிண்ட் ஃபிராங்க்ளின் என்று தம் உரையில் குறிப்பிட்டார்.